லைட் எரிந்தது முதலா, சைலன்சர் மாறியது முதலா?

கேள்வி: வேலூரில் இருக்கிறேன். 15 மாதங்களுக்கு முன் 400 சிசி லிக்விட் கூல்டு பைக் ஒன்றை ஆன்ரோடு 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். கிரீன் சர்க்கிள் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றாலே தொடை வெந்துபோகிறது. ஜீன்ஸ் போட்டாலும் தோல் சிவந்துவிடுகிறது. விற்கும்போது ‘ஹீட்டே தெரியாது சார்’ என்றார் சேல்ஸ் பையன். சர்வீஸில் கேட்டால், ‘பெரிய வண்டின்னா அப்படித்தான், உங்களுக்கு ஓட்டத் தெரியல’ என்று என் மனைவி முன்னாலேயே சிரித்தார் மேனேஜர். இரண்டு முறை டெம்பரேச்சர் லைட் எரிந்து நடுரோட்டில் வண்டி நின்றது. பார்த்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் டேங்க் காலி. நண்பர் சொல்லி வெளியே சைலன்சரை மாற்றி, எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவின் செட்டிங்கையும் மாற்றி ரீமேப் செய்தேன். சூடு கொஞ்சம் குறைந்தது. எனக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டும், மன உளைச்சலுக்கு 10 லட்சம் வேண்டும், மேனேஜர் மேல் மோசடிப் புகார் கொடுக்க வேண்டும். அவர் பேசியதை வீடியோ எடுத்து யூடியூபிலும் போட்டிருக்கிறேன். ஜெயிப்பேனா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: நீங்கள் எழுதியதில் எனக்கு உதவுகிற வரி ஒன்றுதான். லைட் எரிந்து வண்டி நின்றது, கூலன்ட் காலி. மேனேஜர் சிரித்ததும் மனைவி முன்னால் பட்ட அவமானமும் உங்களுக்குப் பெரிதாக இருக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் அதை வாசிக்கக்கூட நேரம் கிடைக்காது. சேல்ஸ் பையனின் வாய்ப்பேச்சும் அப்படியே. எழுத்தில் இல்லாத வாக்குறுதியை அவரே மறுத்துவிடுவார். மறுக்காவிட்டாலும், டீலர் செய்த தவறுக்குத் தனக்குத் தொடர்பில்லை என்று கம்பெனி ஒதுங்கிக்கொள்ளும். 2021-ல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்து மேசையில் வைப்பார்கள்.

‘சூடாக இருக்கிறது’ என்பது வழக்கு இல்லை. ‘ஓவர்ஹீட் ஆகிறது’ என்பதுதான் வழக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். தொடை வேகிறது என்று நீங்கள் சொன்னால் கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே பதிலுரை போடுவார்: ரேடியேட்டர் விசிறி ஓட ஆரம்பித்தால் அனல் காற்று காலின் மேல்தான் அடிக்கும், சிக்னலில் நிற்கும்போது எதிர்க்காற்று இல்லை, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டதால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எரிகிற சூட்டில்தான் வேலை செய்யும், இந்த மாடலில் எல்லா வண்டியும் இப்படித்தான். கடைசி வாக்கியம்தான் அவருடைய ஆயுதம். எல்லா வண்டியும் இப்படித்தான் என்றால் அது வடிவமைப்பு, உங்கள் வண்டியின் குறைபாடு இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உற்பத்திப் பொருள் பொறுப்பு என்ற அத்தியாயம் இருக்கிறது, வடிவமைப்புக் குறையும் அதில் வருகிறது, உண்மைதான். ஆனால் அதை நிரூபிக்க எஞ்சினியர் வைத்து வாதாட வேண்டும். காயத்துக்கு மருத்துவச் சான்றும் வேண்டும். உங்களிடம் இருப்பது மருந்துக்கடையில் வாங்கிய களிம்பு ரசீது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கூலன்ட் காலியாகி வண்டி நிற்பது வேறு கதை. அது எல்லா வண்டியிலும் நடப்பதில்லை. வாட்டர் பம்ப் சீல், தெர்மோஸ்டாட், விசிறி, ரேடியேட்டர் மூடி, ஹெட் கேஸ்கெட் இவற்றில் ஏதோ ஒன்று போயிருக்க வேண்டும். சட்டம் ‘குறைபாடு’ என்று சொல்வது இதைத்தான்: இருக்க வேண்டிய தரத்திலிருந்து விலகியிருப்பது.

ஆக, நான் கேட்கும் கேள்வி ஒன்றே. அந்த லைட் முதல் தடவை எரிந்தது சைலன்சர் மாற்றுவதற்கு முன்பா, பின்பா? கடிதத்தில் நீங்கள் தேதி எழுதவில்லை. உங்கள் வழக்கு முழுவதும் அந்தத் தேதியில்தான் தொங்குகிறது.

முன்பு என்றால் உங்களுக்கு வழக்கு இருக்கிறது. ஆனால் அதை, சர்வீஸுக்கு விடும்போது எழுதும் ஜாப் கார்டு சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் போதாது. ஆணையம் உறுதிமொழிப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்துத்தான் முடிவெடுக்கும். வாயால் சொன்ன புகார் சொல்லாத புகார்தான். உங்கள் ஜாப் கார்டுகளை எடுத்து, ‘கஸ்டமர் வாய்ஸ்’ கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அட்வைசர் அங்கே ‘ஜெனரல் சர்வீஸ்’ என்று மட்டும் எழுதியிருப்பார். கொஞ்சம் நல்ல மனசு என்றால் ‘ஹீட், செக்டு, ஓகே’ என்று இருக்கும். லைட் எரிந்ததும் இருக்காது, கூலன்ட் காலியானதும் இருக்காது. கீழே ‘வேலை திருப்தி’ என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கும். சில சர்வீஸ் சென்டர்களில் கையெழுத்துக்குப் பதில் ஓடிபி. அதையும் யோசிக்காமல் சொல்லிவிட்டு வண்டியை எடுத்து வந்திருப்பீர்கள். குறுக்கு விசாரணைக்கே வேலை இல்லாமல் வழக்கை முடிக்கிற காகிதம் அதுதான்.

பின்பு என்றால், அதாவது முதலில் சைலன்சர் மாறியது, அப்புறம்தான் லைட் எரிந்தது என்றால், நஷ்டஈடு வழக்கு போடாதீர்கள் என்று நேராகவே சொல்கிறேன். கட்சிக்காரர்கள் விழுந்து எழ முடியாமல் போவது இந்தப் பள்ளத்தில்தான். சூடு தாங்காமல் கன்வெர்ட்டரைக் கழற்றிய சைலன்சர், ரீமேப், மெக்கானிக் ஊற்றிய குழாய்த் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு, எதுவும் சரிவராதபோது என்னிடம் வருவார்கள். அதற்குள் வாரன்ட்டி அட்டையின் விலக்குகளில் பாதி அவர்கள் மேல் பொருந்திவிடும். பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ விற்பனையாளர் மேல் பொறுப்பு வழக்கு நிற்காது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-வது பிரிவே சொல்கிறது. போதாததற்கு, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-ன்படி அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நீங்கள் கொடுக்கும் புகாரே உங்களுக்கு எதிரான ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும்.

இங்கே ஒரு குறுக்குவழி உங்களுக்குத் தோன்றும். பழைய சைலன்சரை மாட்டிவிட்டு, ‘நான் எதையும் தொடவில்லை’ என்று உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிவிடலாமே என்று. கூடாது. ரீமேப் செய்த தடம் கம்பெனி ஸ்கேனரில் சிக்க வாய்ப்பு இருக்கிறது. மெக்கானிக்குக்கு ஜிபேயில் அனுப்பிய பணம் உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கிறது. சைலன்சர் சத்தத்தைக் காட்ட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டிருப்பீர்கள், அதையும் யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். பொய் உறுதிமொழி என்று ஒரு முறை பதிவானால், நியாயமான பங்கும் போய்விடும். மாட்டுங்கள், ஆனால் மறைக்காதீர்கள்.

கிலோமீட்டரையும் மறக்காதீர்கள். கோபம் கோபமாகப் புகார் எழுதிக்கொண்டே தினமும் வண்டியில் ஆபீஸ் போவார்கள். வழக்கு எண்ணாகி வரும்போது மீட்டர் 20,000-ஐத் தாண்டியிருக்கும். ‘உற்பத்திக் குறை இருந்தால் இவ்வளவு தூரம் எப்படி ஓடியது?’ என்று கேட்பார்கள். ஆணையங்கள் இந்தக் கேள்வியைப் பல முறை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதைவிட மோசம், லைட் எரிந்த பிறகும் ‘வீடு பக்கத்தில்தானே’ என்று ஓட்டிப் போய் எஞ்சின் ஹெட்டை வளைத்துக்கொள்வது. அந்தச் செலவு முழுக்க உங்கள் தலையில். அடுத்த முறை லைட் எரிந்தால் எஞ்சினை அணைத்து, லைட்டும் கிலோமீட்டரும் ஒரே படத்தில் வருமாறு போட்டோ எடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் டேங்கின் கீழ்க்கோடு தெரிய இன்னொன்று. பிறகு கம்பெனியின் ரோட்சைடு உதவியைக் கூப்பிட்டு, டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். அந்த டோ ரசீது உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைவிட உயர்ந்த சாட்சி.

நிபுணர் அறிக்கை இல்லாமல் ஜெயிக்கலாம் என்றும் நம்ப வேண்டாம். பரிசோதித்துத்தான் தெரியும் என்கிற குறை என்றால் நுகர்வோர் சட்டத்தின் 38-வது பிரிவின்படி பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். நடைமுறையில், பொறியியல் கல்லூரி மெக்கானிக்கல் துறைப் பேராசிரியரை நியமிக்கச் சொல்லி மனுப் போடுவோம். அவர் வந்து பார்க்கும் அன்று வண்டியில் வெளிச் சைலன்சர் தொங்கினால், அறிக்கையின் முதல் வரியே அதுதான். சட்டப்படி சோதனை தேவைப்படும் வழக்கு ஐந்து மாதத்தில் முடிய வேண்டும். முடியாது.

முழுப் பணம் என்ற ஆசையை விடுங்கள். மாருதி கம்பெனி எதிர் சுசீல்குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவது என்பதுதான் வாரன்ட்டி என்றால், முழு வண்டியை மாற்றித் தரச் சொல்ல முடியாது. 10 லட்சம் கேட்பதற்குச் செலவில்லைதான். வண்டிக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருப்பதால் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. அதற்காக வாய்க்கு வந்த தொகையைப் போட்டால் மனுவின் மேல் மரியாதை போய்விடும்.

மோசடிப் புகார் வேண்டாம். விற்ற பொருளில் குறை என்பது ஏமாற்றும் எண்ணத்துக்குச் சாட்சி ஆகாது. போலீஸ் ‘சிவில் விவகாரம்’ என்று எழுதி மூடிவிடும், அந்தக் காகிதத்தை எதிர்தரப்பு சந்தோஷமாகத் தாக்கல் செய்யும். மேனேஜர் முகம் தெரியும் வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அவதூறு நோட்டீஸ் வந்தால் பிறகு பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

பேரம்தான் உங்களுக்கு நான் சொல்லும் வழி. லைட் முதலில் எரிந்திருந்தாலும்கூட, வாரன்ட்டிக்குள் இருக்கும்போதே கம்பெனிக்கும் டீலருக்கும் சேர்த்து மின்னஞ்சல் அனுப்புங்கள். கோபம் வேண்டாம். தேதி, கிலோமீட்டர், லைட் எரிந்தது, கூலன்ட் அளவு, அவ்வளவுதான். கூலிங் சிஸ்டம் முழுவதையும் பிரஷர் டெஸ்ட் செய்து அறிக்கையை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பழுதான பாகத்தை இலவசமாக மாற்றி, எஞ்சினுக்கு ஓராண்டு கூடுதல் வாரன்ட்டியும் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் ஆணையத்தில் மத்தியஸ்தம் கேட்கலாம். கையெழுத்துப் போடும் காகிதத்தில் ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்று இருந்தால், ‘இதே பழுது மீண்டும் வந்தால் என் உரிமைகள் தொடரும்’ என்று ஒரு வரி சேர்க்காமல் போடாதீர்கள். வழக்குப் போடுவதற்கான இரண்டு ஆண்டுக் காலவரம்பை இந்தப் பேச்சுவார்த்தை நிறுத்தி வைக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைட் பிறகுதான் எரிந்தது என்றால் உங்களுக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. பாகத்தின் விலையில் பாதியாவது ‘குட்வில்’ என்று தள்ளிக் கொடுங்கள் என்று கேட்கலாம், கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எதுவானாலும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் முன் மெக்கானிக்கிடம் போய்க் கழற்றிய சைலன்சரைக் கேட்டு வாங்குங்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று அவர் சொன்னால், நோட்டீஸ் வேண்டாம், புதிய சைலன்சருக்கு டீலரிடம் விலை கேளுங்கள்.