மெழுகா, செராமிக் பூச்சா? ஃபைபர் படகின் உடலுக்கு எது ஏற்றது

கேள்வி: என்னிடம் இருபது அடி நீளமுள்ள ஃபைபர் படகு இருக்கிறது. வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வெளிப்பக்கம் கருநீல நிறம். ஆண்டில் ஆறு மாதம் கடல்நீரிலேயே கட்டிக் கிடக்கும், மீதி ஆறு மாதம் கரையில் திறந்த வெளியில் இருக்கும். ஒவ்வொரு முறை மெழுகு பூசும்போதும் பளபளப்பு வருகிறது; ஆனால் மூன்று மாதத்துக்குள் நிறம் வெளிறி, தடவினால் கையில் மாவு போல ஒட்டுகிறது. செராமிக் பூச்சு அடித்துவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை, அடியில் பாசியும் பிடிக்காது என்கிறார் நண்பர். இருக்கிற மெழுகின் மேலேயே அதைப் பூசலாமா? இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் கையில் ஒட்டுகிற அந்த மாவிலிருந்தே தொடங்குகிறேன். அது வெளியிலிருந்து வந்து படிந்த அழுக்கு அன்று. உங்கள் படகின் மேல்தோலே உதிர்கிறது. ஃபைபர் படகின் வெளிப்புறத்தில் நிறமி கலந்த பாலியஸ்டர் பிசினால் ஆன ஜெல்கோட் என்ற அடுக்கு இருக்கும். அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பட்டுப்பட்டு மேற்பரப்பில் உள்ள பிசின் சிதையும்போது, அதுவரை பிசின் பிடித்து வைத்திருந்த நிறமித் துகள்கள் பிடிப்பிழந்து தூளாகின்றன. வெள்ளைப் படகிலும் இதுவே நடக்கிறது; ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கருநீலமோ வெப்பத்தையும் அதிகம் உள்வாங்குகிறது, வெளிறலையும் மறைக்காமல் காட்டிக்கொடுக்கிறது. மெழுகும் சரி, செராமிக்கும் சரி, இந்த அடுக்கின் மேல் அமர்ந்து அதைக் காப்பவை மட்டுமே. சிதைந்துபோன ஜெல்கோட்டை உயிர்ப்பிக்கும் ஆற்றல் இரண்டுக்கும் கிடையாது.

நல்ல மெழுகுப்பூச்சு கடும் வெயிலிலும் உப்பிலும் இரண்டு மூன்று மாதம் தாங்குவதே இயல்பு என்பதால், மெழுகு போய்விட்டது என்பதில் எனக்கு வியப்பில்லை. மெழுகு போன கையோடு மாவும் வந்துவிடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. பழைய சிதைந்த அடுக்கை முழுவதுமாகத் தேய்த்து எடுக்காமல், அதன் மேலேயே மெழுகைப் பூசி வந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. துளை விழுந்த பரப்பை மெழுகு நிரப்புவதால் நிறம் சில வாரங்களுக்கு ஆழமாகத் தெரியும். மெழுகு கரைந்ததும் அடியில் இருந்தது அப்படியே வெளியே வரும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். படகைச் சோப்பு நீரால் கழுவி உலரவிட்டு, நிழலான பக்கத்தில் ஓர் அடிச் சதுரத்தை மறைப்பு நாடாவால் எல்லை கட்டுங்கள். அந்தச் சதுரத்துக்குள் தண்ணீரைத் தடவும்போது நிறம் ஆழமாகி, காய்ந்ததும் மறுபடி வெளிறினால், சிதைவு மேற்பரப்போடு நிற்கிறது என்று கொள்ளலாம். அடுத்து, நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் கலந்த பசையான தேய்ப்புக் காம்பவுண்டால் அந்தச் சதுரத்தை நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய பின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். இந்தத் துடைப்பை விட்டுவிடாதீர்கள்; காம்பவுண்டில் உள்ள எண்ணெய்ப் பசையே பொய்யான பளபளப்பைக் காட்டிப் பலரை ஏமாற்றுகிறது. துடைத்த பிறகும் மினுமினுப்பு நின்றால் ஜெல்கோட் பிழைத்துக்கொள்ளும். காம்பவுண்டுக்கு மசியவில்லை என்றால் 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்களால் வரிசையாக நீர்விட்டுத் தேய்த்துப் பிறகு மெருகேற்ற வேண்டியிருக்கும். தேய்க்கத் தேய்க்க அடியிலுள்ள கண்ணாடி இழையின் நெசவு தெரியத் தொடங்கினால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள்; அந்தப் படகுக்குத் தேவை புதிய பெயின்ட், வேறெதுவும் அன்று.

பரப்பு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இரண்டு பூச்சுகளையும் பார்ப்போம். மெழுகுகளில் பெயர்பெற்றது, பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னோபா. செயற்கைப் பாலிமர் கலந்தவை அதைவிடச் சற்றுக் கூடுதலாக உழைக்கும். மெழுகின் பெரிய நன்மை, அது தவறுகளை மன்னிக்கும் என்பது. கூடுதலாகப் பூசினால் துடைத்துவிடலாம், திட்டுத்திட்டாக வந்தால் மறுபடி பூசலாம், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம்.

செராமிக் என்று விற்கப்படுவது பெரும்பாலும் சிலிக்கா சார்ந்த வேதிப்பொருள் கரைந்த ஒரு திரவம். கரைப்பான் ஆவியானதும், காற்றிலுள்ள ஈரத்துடன் வினைபுரிந்து பரப்போடு ஒட்டிக் கெட்டிப்படுகிறது. அப்படி உருவாகும் படலம் ஓரிரு மைக்ரான் அளவே இருக்கும். அரை மில்லிமீட்டர் ஜெல்கோட் என்பது ஐந்நூறு மைக்ரான். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், கவசம், கண்ணாடிக் கோட்டை என்றெல்லாம் வரும் விளம்பரங்களை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பது புரியும். புட்டியில் காணும் 9எச் என்ற குறியீடும் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவே. படகு துறையின் சுவரில் உரசினால் செராமிக்கும் சேர்ந்தே கீறும். பல ஆண்டு உழைக்கும் என்ற வாக்குறுதியை, வெயிலிலும் உப்பிலும் கிடக்கும் படகுக்கு ஒன்று முதல் இரண்டு ஆண்டு என்றே நான் எண்ணிக்கொள்வேன்.

அப்படியானால் அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். மெழுகைவிட நெடுநாள் நிற்பதால் ஜெல்கோட்டின் சிதைவு தள்ளிப்போகிறது. அழுக்கும் பறவை எச்சமும் எளிதில் கழுவி வருகின்றன. ஆகவே காம்பவுண்டால் தேய்க்க வேண்டிய தடவைகள் குறைகின்றன. ஒவ்வொரு தேய்ப்பும் ஜெல்கோட்டில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது என்பதால், செராமிக்கின் உண்மையான ஆதாயத்தைப் பளபளப்பில் தேடுவதைவிட இந்தச் சேமிப்பில் தேடுவதே சரி என்பது என் கருத்து.

மெழுகின் மேல் அதைப் பூசவே கூடாது. ஜெல்கோட்டைப் பற்றவேண்டிய பூச்சு மெழுகைப் பற்றிக்கொண்டு, மெழுகு போகும்போது அதனுடனே போய்விடும். காம்பவுண்டால் தேய்த்த பிறகு, ஆல்கஹாலாலோ தயாரிப்பாளர் சொல்லும் துடைப்பு நீர்மத்தாலோ துணியை மாற்றி மாற்றி இருமுறையேனும் துடைத்தாக வேண்டும். மாவு பூத்த பரப்பின் மேல் பூசினாலோ, அந்த வெளிறலையே நிலையாகப் பூட்டி வைத்ததாகிவிடும்.

நண்பர் சொன்ன பாசி விஷயத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. ஆறு மாதம் தொடர்ந்து நீரில் கிடக்கும் படகின் நீர்க்கோட்டுக்குக் கீழே பாசியையும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிரியான கொட்டலசையும் தடுப்பது, தாமிரச் சேர்மம் போன்ற நச்சுப்பொருளைச் சிறிது சிறிதாக வெளிவிடும் பாசித்தடுப்புப் பெயின்ட்தான். வழவழப்பால் உயிரிகளை வழுக்கிவிடச் செய்யும் சிலிக்கோன் பூச்சுகளும் இருக்கின்றன. ஆனால் அவை இதற்கென்றே உருவாக்கப்பட்ட தனி வகை, படகு அடிக்கடி வேகமாக ஓடினால்தான் பலன் தருபவை. கட்டிக் கிடக்கும் படகின் அடியில் ஒரு மைக்ரான் செராமிக் படலம் கொட்டலசுக்கு ஒரு தடையே ஆகாது. பாசித்தடுப்புப் பெயின்ட்டின் மேல் மெழுகோ செராமிக்கோ பூசினால் நச்சு வெளிவருவதும் தடைபடும். வெறும் ஜெல்கோட்டில் பூசிவிட்டால் பின்னால் பெயின்ட் ஒட்டாது. ஆகையால் நீர்க்கோட்டில் நாடா ஒட்டி, இந்த இரண்டையும் அதற்கு மேலே மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

செராமிக் பூசும் வேலை பார்க்க எளிதாகத் தோன்றும். இரண்டடிச் சதுரமாகக் குறுக்கும் நெடுக்கும் தடவுகிறோம். சற்று நேரத்தில் எண்ணெய் நீரில் மிதப்பதைப் போல வானவில் நிறம் ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து மைக்ரோஃபைபர் துணியால் சமன்படுத்தித் துடைக்க வேண்டும். ஒருமுறை காலையில் நிழலில் தொடங்கி, வெயில் ஏறிச் சூடான அடுத்த பக்கத்துக்கும் அதே வேகத்தில் போனேன். அங்கே துணியை எடுப்பதற்குள் பூச்சு பிடித்துக்கொண்டது. உள்ளங்கை அகலத்தில் இருண்ட திட்டுகள் நின்றன. அவற்றை எடுக்க உப்புத்தாளும் ஒரு முழு நாளும் தேவைப்பட்டன. பூசிய பின் குறைந்தது ஒரு நாளாவது மழையோ பனியோ படாமல் காக்க வேண்டும் என்பதால், திறந்த வெளியில் இரவுப் பனியும் ஒரு பகைதான்.

உங்கள் நிலைமையில் நான் சொல்வது இதுதான்: இந்த முறை படகு கரையேறியதும் சிதைந்த அடுக்கை முழுமையாக எடுத்து, பாலிமர் கலந்த மெழுகைப் பூசுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். மாவு திரும்ப வரவில்லை என்றால் தேய்ப்பு சரியாக அமைந்தது என்று பொருள். அடுத்த முறை கூரையுள்ள இடம் இரண்டு மூன்று நாளைக்குக் கிடைத்தால் செராமிக்குக்கு மாறலாம். கிடைக்காவிட்டால் மெழுகோடு இருப்பதில் குறை ஒன்றுமில்லை. எதைப் பூசினாலும் கடுமையான கிரீஸ் நீக்கிகளைத் தவிர்த்து, பிஎச் நடுநிலையான சோப்பால் கழுவி, உப்புநீர் வெயிலில் காய்ந்து கறையாவதற்குள் நன்னீரை ஊற்றிவிடுங்கள். கால் வைத்து நடக்கும் சொரசொரப்பான தளத்தில் மெழுகைத் தொடவிடாதீர்கள். ஈரத்தில் வழுக்கி விழ நேரும்.

செராமிக்கைப் பற்றி இப்போதே தெரிந்துகொள்ள ஆவலாக இருந்தால், படகின் பின்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் அதைப் பூசுங்கள். எஞ்சின் புகைக்கறையும் உப்பும் அதிகம் படியும் அந்த இடத்தில், ஆறு மாதம் கழித்துக் கறுப்புத் துணியால் இரு பாதிகளையும் தேய்த்துப் பார்த்தால், உங்கள் படகுக்கு எது உழைக்கிறது என்பது துணியிலேயே தெரிந்துவிடும்.