நண்பர்களை வீட்டுக்கு அழைத்துச் சமைத்துப் போட்டு, போர்டு கேம் விளையாட ஆசை. எதைச் சமைக்கலாம், எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில், எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கிற விஷயம் என்பதால் சொல்கிறேன். நம்மூர் வழக்கப்படி விருந்து வைப்பவர் உட்காரவே மாட்டார். "இன்னும் ஒரு துண்டு வச்சுக்குங்க" என்று சட்டியும் கையுமாக நின்றுகொண்டே இருப்பார். ஆட்ட நாளில் அது சரிப்படாது. நான்கு பேர் ஆடும்போது ஒருவர் அடுப்படியில் நின்றால் மற்ற மூவரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஆகவே நண்பர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும். அம்மாவையோ மனைவியையோ உள்ளே வேலை செய்ய விட்டுவிட்டு நாம் பகடை உருட்டுவதை நான் விருந்து வைப்பதாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இதற்கு மீன் குழம்பை அடிக்க ஆள் இல்லை. காலையில் மீன் வாங்கி மதியத்துக்குள் மண்சட்டியில் வைத்து இறக்கிவிட்டால், சாயங்காலத்துக்குள் புளியும் உப்பும் மீனில் நன்றாக இறங்கியிருக்கும். சோறு மட்டும் வடித்தால் போதும். மிளகாய் எங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய்தான், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய உருண்டை மிளகாய். மீனில் மட்டும் அன்றைக்கு ருசியைவிட முள்ளைப் பாருங்கள். சூடை மீனின் ருசியே தனி, ஆனால் பழக்கமில்லாதவர் முள் பொறுக்கி எழுந்திருக்க ஒன்பது மணி ஆகிவிடும். சீலாவோ பாறையோ வாங்குங்கள். நண்டு வேண்டவே வேண்டாம். எத்தனை தரம் கை கழுவினாலும் அந்த வாடை கார்டுகளில் ஏறிக்கொள்ளும்.

கூட ஒன்று வேண்டுமென்றால் கணவாய்த் தொக்கு. கணவாயை இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்க வேண்டும், இல்லையென்றால் அரை மணிக்கு மேல் சிறுதீயில் வேகவிட வேண்டும். நடுவில் இறக்கினால் ரப்பர்தான். முன்கூட்டியே செய்து வைக்கிறோம் என்பதால் நமக்கு இரண்டாவது வழி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீனை நம்பித்தான் இருக்க வேண்டும், விலையும் எகிறிவிடும். யோசிக்காமல் கருவாட்டுக் குழம்புக்குப் போய்விடுங்கள்.

சாப்பிட்டு முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். இதில் நான் கறார். கீழக்கரை நண்பர் தொதல் கொண்டுவந்தால் அதையும் சாப்பாட்டோடு முடித்துவிடுவோம். தேங்காய்ப்பாலில் கிண்டியது, விரலெல்லாம் எண்ணெய். ஆட்டத்துக்கு நடுவே சுக்குக் காப்பியும், கரண்டி போட்ட கிண்ணத்தில் பொட்டுக்கடலையும் போதும்.

சரி, ஆட்டம். கையில் காசு இல்லையென்றால் ஆடுபுலி ஆட்டத்திலேயே தொடங்கலாம். தரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்தால் ஆயிற்று. மூன்று புலி, பதினைந்து ஆடு. எல்லா ஆட்டையும் இறக்கும் வரை ஒரு ஆட்டையும் நகர்த்த முடியாது என்ற அந்த ஒரு விதியே மண்டையைக் காய வைக்கும். இரண்டு பேர் ஆட்டம் என்பதால் மற்றவர்கள் வந்து சேரும் வரைக்கும் சரியாக இருக்கும்.

கடையில் வாங்குவதென்றால், புதியவர்களுக்கு டிக்கெட் டு ரைடு. 2004-ல் வந்தது, ஐந்து பேர் வரை ஆடலாம். நம் முறை வந்தால் கார்டு எடுக்கலாம், பாதையில் ரயில் பெட்டி வைக்கலாம், புது டிக்கெட் எடுக்கலாம். மூன்றில் ஒன்றுதான், சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் ஆகாது.

எனக்குப் பிடித்தது கட்டான். கிளாஸ் டாய்பர் என்ற ஜெர்மானியர் வடிவமைத்து 1995-ல் வெளிவந்தது. தீவு ஒன்றில் செங்கல், மரம், கம்பளி (நாங்கள் ஆடு என்போம்), தானியம், தாது சேர்த்து சாலையும் குடியிருப்பும் கட்ட வேண்டும். நிலங்களில் எண் போட்டிருக்கும், பகடையில் அந்த எண் விழுந்தால் அதை ஒட்டிக் குடியிருப்பு கட்டியவருக்குப் பொருள் கிடைக்கும். ஆகவே எங்கே கட்டுவது என்பதில்தான் பாதி வெற்றி. இரண்டு பகடை உருட்டினால் வரக்கூடிய 36 வகையில் ஆறும் எட்டும் தலா ஐந்து தடவை வரும், இரண்டும் பன்னிரண்டும் தலா ஒரே தடவை. பன்னிரண்டு எண் போட்ட நிலத்தில் வீடு கட்டிவிட்டு அதிர்ஷ்டத்தைத் திட்டக் கூடாது. ஏழு விழுந்தால் திருடன் வருவான், ஏழுக்கு மேல் கார்டு வைத்திருப்பவர் பாதியைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் இந்த ஆட்டத்தின் உயிர் பண்டமாற்றில் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒருவன் வீட்டில் கரையில் மீன் ஏலம் எடுப்பவர்கள். அவன் உட்கார்ந்தால் வீடே ஏலக்களம் ஆகிவிடும். "மாப்ள, ஒரு செங்கல் குடு, ரெண்டு ஆடு தர்றேன்." "ஆடு யாருக்குடா வேணும், எல்லார் கையிலயும் ஆடுதான்." உடனே அவன் எழுந்து போவதுபோல் பாவனை காட்டுவான். இது தெரிந்தும் யாராவது ஒருவர் செங்கல்லை நீட்டிவிடுவார்கள். பேரம் பேச வராதவர் துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பு கட்டிக்கொள்ளலாம், யாரையும் கெஞ்சாமல் மூன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம்.

தோற்றால் முகம் தொங்கிப்போகிறவர் கூட்டத்தில் இருந்தால் பாண்டமிக் வாங்குங்கள். எல்லோரும் ஒரே பக்கம், நோய்தான் எதிரி. ஜெயித்தாலும் தோற்றாலும் சேர்ந்தே.

கடலோரத்துக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. உப்புக்காற்றில் கார்டுகள் பிசுபிசுத்து வளைந்துவிடும். கார்டுக்கென்றே விற்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திண்ணையில் ஆடலாம் என்று நினைக்கவே வேண்டாம், காசு கார்டு எல்லாம் தெருவுக்குப் போய்விடும். உள்ளே பாய் விரித்து, ஃபேனைக் குறைத்து வைத்து ஆடுங்கள்.

அப்புறம், ராமநாதபுரம் திரும்ப வேண்டியவர்கள் இருந்தால் கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டானில் பத்துப் புள்ளி எடுத்தவர் வெற்றி. நேரம் குறைவென்றால் எட்டிலேயே முடித்துக்கொள்ளலாம், ஆனால் அதைப் பகடை உருட்டுவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். நடுவில் பேசினால் அப்போது முன்னால் இருப்பவர் மட்டும்தான் ஒத்துக்கொள்வார்.