பெர்கன் போறீங்களா? குடைய வீட்ல வெச்சிட்டுப் போங்க

(போன இதழ்ல நார்வேயோட மேற்குக் கரையில இருக்கிற பெர்கன் ஊர் பத்தி சின்னதா ஒரு குறிப்பு போட்டிருந்தோம். அதுக்கு வந்த கேள்விகள்ல சிலது இங்க.)

பையன் ஆஸ்லோல வேலை பாக்குறான். ஜூன்ல நானும் மனைவியும் எங்கம்மாவும் போறோம். பெர்கன்ல மூணு நாள் தங்கலாம்னா, "அங்க எப்பப் பாத்தாலும் மழைப்பா, காசு வேஸ்ட்"ங்கிறான். போலாமா, வேணாமா?
– கோவை வாசகர்

தாராளமா போங்க சார். பையன் சொல்றது பொய் இல்ல, வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுற ஊர் அது, 2006 அக்டோபர் கடைசியில ஆரம்பிச்ச மழை 2007 ஜனவரி வரைக்கும் விடாம 85 நாள் பேஞ்சிருக்கு. அட்லாண்டிக் கடல்ல இருந்து ஈரக்காத்து நேரா வந்து ஊரைச் சுத்தி நிக்கிற மலைங்க மேல மோதுது, மேல ஏறி குளிருது, கொட்டுது, அவ்ளோதான் விஷயம். ஆனா நீங்க போறது ஜூன்ல. மே, ஜூன்தான் அங்க இருக்கிறதிலயே மழை கம்மியான காலம். அப்புறம் நம்ம ஊர் அடைமழை மாதிரி நினைக்காதீங்க, பெரும்பாலும் தூறலும் சாரலுமா வரும், போகும், திரும்ப வரும். குடை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, துறைமுகத்துக் காத்துல ரெண்டே நிமிஷத்துல மடங்கிடும். தொப்பி வெச்ச நல்ல ரெயின்கோட்டும் தண்ணி உள்ள போகாத ஷூவும் போதும். அந்த ஊர்க்காரங்க மழைக்காக எந்த வேலையையும் நிறுத்துறதில்ல, நீங்களும் நிறுத்தாதீங்க.

பெர்கன் துறைமுகத்து ஓரமா இருக்கிற பழைய பகுதி பிரிக்கன்ல அந்த சிவப்பு மஞ்சள் மரவீடு வரிசையத்தான் எல்லாரும் போட்டோ எடுத்துப் போடுறாங்க. போட்டோவத் தவிர அங்க பாக்க என்ன இருக்கு?
– திருச்சி வாசகி

நல்ல கேள்வி, ஏன்னா முக்கால்வாசிப் பேர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு காபி குடிக்கப் போயிடுறாங்க. பிரிக்கனே அந்த முகப்புக்குப் பின்னாடிதான் இருக்கு. வீடுகளுக்கு நடுவுல ரெண்டு ஆள் ஒதுங்கி நடக்கிற அளவுக்கு சந்துங்க போகும், பலகை போட்ட தரை, ரெண்டு பக்கமும் மரச்சுவரு, மேல மாடிங்க சந்து பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கும். உள்ள போனா கொஞ்சம் நேரத்துல எந்தச் சுவரும் நேரா இல்லங்கிறது தெரியும், ஒண்ணு இடப்பக்கம் சாயும் ஒண்ணு முன்னாடி குனியும். ஈரமா இருக்கிற வரைக்கும் வீட்டுக்கு அடியில அஸ்திவாரமா கிடக்கிற மரக்கட்டை கெடாது, ஆனா நிலத்தடி நீர் இறங்கினா காத்து பட்டு மக்க ஆரம்பிக்கும், அதனாலதான் வீடுங்க கொஞ்சம் கொஞ்சமா அமுங்கிப்போச்சு. இப்ப மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள திருப்பி இறக்கி நீர்மட்டத்தக் காப்பாத்துறாங்க.

இது யார் இருந்த இடம்னா, 1360 வாக்குல வந்து உக்காந்த ஜெர்மன் வியாபாரிங்க, ஹான்சான்னு சொல்ற வணிகக் கூட்டத்து ஆளுங்க. வடக்க லோஃபோட்டன் தீவுங்கள்ல உப்பே போடாம குளிர்காத்துல கம்பத்துல தொங்கவிட்டுக் காயவைக்கிற காட் மீன் கருவாடு இங்க வந்து இறங்கும், அதுக்குப் பதிலா தானியம் போகும். 1754 வரைக்கும் அந்தக் கடை நடந்திருக்கு. இந்த வியாபாரிங்க கல்யாணம் பண்ணிக்கக் கூடாது, வெறும் ஆம்பளைங்க குடியிருப்பு. நெருப்புப் பயத்துல வீட்டுக்குள்ள அடுப்பு, குளிர்காய நெருப்பு எதுவும் கிடையாது. நார்வே குளிர்ல! சமைக்கவும் சூடா உக்காரவும் பின்பக்கம் தனியா பொதுக்கூடம் கட்டியிருந்தாங்க, அதையும் போய்ப் பாருங்க. அவ்ளோ ஜாக்கிரதையா இருந்தும் 1702ல ஊரோட சேந்து எரிஞ்சுபோச்சு, அப்புறம் பழைய அமைப்புலயே திருப்பிக் கட்டினதுதான் இப்ப நிக்கிறது. 1979ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு.

1955ல இன்னொரு தீ, அதுல ஒரு பகுதி போச்சு. ஆனா எரிஞ்ச இடத்தத் தோண்டினப்ப கிடைச்சது பாருங்க, ரூன்னு சொல்ற வடஐரோப்பாவோட பழங்கால எழுத்துல கீறின குச்சியும் எலும்புமா 600க்கும் மேல. அதுவரைக்கும் ரூன்னா ராஜா செத்ததுக்கு நட்ட கல்லு, பெரிய ஆளுங்க விஷயம்னு இருந்த நினைப்பே மாறிப்போச்சு. இதுல இருந்தது மூட்டைல கட்டுற பேர்ச்சீட்டு, கடன் கணக்கு, காதல், கிண்டல், பிரார்த்தனை. ஒரு குச்சியில "நீ வீட்டுக்குப் போகணும்னு கியூடா சொல்றா"ன்னு இருக்கு! சாராயக்கடைல உக்காந்துகிட்டு கிளம்பாதவனுக்கு அனுப்பின சேதியா இருக்கும்னு ஒரு ஊகம். அந்தத் தோண்டின இடத்து மேலயே கட்டின பிரிக்கன் மியூசியத்துல இதெல்லாம் வெச்சிருக்காங்க, மழை வந்தா அங்க ஒதுங்குங்க. சந்துக்குள்ள போறதுன்னா காலைல எட்டு மணிக்கு முன்னாடி போயிடுங்க, அப்புறம் கப்பல் டூரிஸ்ட் கூட்டம் வந்து இறங்கிடும்.

நான் நர்ஸ். தொழுநோய்க் கிருமியக் கண்டுபிடிச்சது பெர்கன்லதான்னு படிச்ச ஞாபகம். அதுக்கு அங்க ஏதாவது இடம் இருக்கா?
– வேலூர் வாசகி

இருக்கும்மா, என்னக் கேட்டா அந்த ஊர்ல முதல்ல போக வேண்டிய இடமே அதுதான். டூர் கம்பெனி லிஸ்ட்ல பெரும்பாலும் வராது. ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து கொஞ்ச தூரம் நடந்தா செயின்ட் யோர்கன் ஆஸ்பத்திரி, 1400கள்ல ஆரம்பிச்சது, இப்ப நிக்கிற மரக்கட்டடம் 1702 தீக்கு அப்புறம் கட்டினது. நடுவுல கூடம், அதச் சுத்தி ரெண்டு அடுக்கா சின்னச் சின்ன ரூம், ஒரு ரூம்ல ரெண்டு நோயாளி. ரூம்னா கட்டில் போட்டா மிச்சம் நிக்கத்தான் இடம். அதுல ஆயுசு முழுக்க இருந்திருக்காங்க. கடைசி ரெண்டு பேர் 1946லதான் செத்தாங்க.

1800கள்ல மேற்கு நார்வேயில இந்த நோய் ரொம்ப அதிகம், பெர்கன்லயே இதுக்குன்னு மூணு ஆஸ்பத்திரி இருந்துச்சு. பரம்பரையா வருதுன்னு பெரிய டாக்டருங்களே நம்பிட்டிருந்தப்ப, 1873ல கெர்ஹார்ட் ஆர்மாவர் ஹான்சன் மைக்ராஸ்கோப்ல கிருமியப் பாத்தாரு. நீங்க ஹான்சன் நோய்னு ரெகார்டுல எழுதுறது அவர் பேர்தான். ஆனா அவர மகான் ஆக்கிடாதீங்க, ஒரு பெண் நோயாளி கண்ணுல அவங்க சம்மதம் இல்லாமலே நோய்க் கசிவ ஏத்திப் பாத்ததுக்கு 1880ல கோர்ட்ல குற்றம் உறுதியாகி, ஆஸ்பத்திரி டாக்டர் பதவி போச்சு. சம்மதம் வாங்காம ஒருத்தர் உடம்புல கை வைக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே ஒரு தீர்ப்பு வந்திருக்கு, நர்சிங் படிக்கிற பிள்ளைங்களுக்கு நீங்க போய்ச் சொல்லலாம். இந்த ஊர் தொழுநோய் ஆவணங்கள யுனெஸ்கோ 2001ல உலக நினைவுப் பட்டியல்ல சேத்துச்சு. மியூசியம் வருஷம் பூரா திறந்திருக்காது, போற தேதிய வெப்சைட்ல பாத்துக்கோங்க.

எங்கம்மாவுக்கு முட்டி வலி. மலை மேல போக முடியுமா? (கோவை வாசகரே மறுபடி கேட்டிருக்காரு)

ஃப்ளோயன் மலைக்குப் போங்க. மீன் மார்க்கெட் பக்கத்துலயே ஏறலாம், 1918ல இருந்து ஓடுற கேபிள் இழுக்கிற ரயிலு, கொஞ்ச நிமிஷத்துல 320 மீட்டர் உயரத்துல விட்டுடும், வீல்சேரும் போகும். மேல சமதரையா ஒரு சின்ன ஏரி வரைக்கும் நடக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல போங்க, ஜூன்ல சூரியன் பதினோரு மணி வாக்குலதான் இறங்கும், கூட்டமும் குறைஞ்சிருக்கும். இன்னொரு மலை உல்ரிகன், 643 மீட்டர், கேபிள் கார் இருக்கு, ஆனா மேல காத்து அடிக்கும், பாறையும் ஜாஸ்தி, அம்மாவ இழுக்காதீங்க. முட்டி நல்லா இருக்கிறவங்களுக்கு அங்க நேபாள ஷெர்பாங்க கல்லு அடுக்கிக் கட்டின 1,333 படி இருக்கு.

ஃபியோர்டு (மலைங்களுக்கு நடுவுல நீளமா உள்ள நுழையிற கடல்) பாக்க பேக்கேஜ் விலை தலை சுத்துது. வேற வழி?
– சென்னை வாசகர்

ஆஸ்லோல இருந்து வர்றீங்கன்னா பெர்கன் போய்ச் சேந்துட்டு திரும்ப ஒரு நாள் செலவு பண்ணாதீங்க, வர்ற வழியிலயே முடிச்சிடுங்க. ஆஸ்லோ ரயில்ல மிர்டால்ல இறங்கி, ஃப்ளோம் ரயில் பிடிச்சு கீழ வாங்க, 20 கிலோமீட்டர்ல 860 மீட்டருக்கு மேல இறங்கும், நடுவுல அருவிகிட்ட நிப்பாட்டுவாங்க. ஃப்ளோம்ல இருந்து படகுல குட்வாங்கன். இந்த ரெண்டு மணி நேரம்தான் நீங்க குடுக்கிற காசுக்கு அர்த்தம், ஏன்னா நேரோய் ஃபியோர்டு சில இடத்துல வெறும் 250 மீட்டர் அகலம், ரெண்டு பக்கமும் பாறை நெட்டுக்கு நிக்கும். அப்புறம் பஸ்ல வோஸ், அங்கிருந்து ரயில்ல பெர்கன். எல்லா டிக்கெட்டையும் தனித்தனியா முன்னாடியே போட்டா சில சமயம் குறையும், ஆனா ஒண்ணு லேட்டானா அடுத்தத நீங்களேதான் பாத்துக்கணும். பெரியவங்க கூட இருந்தா பேக்கேஜே நிம்மதி. பை வெச்சிருப்பீங்க, அதனால லேசா கட்டுங்க.

கருப்பா ஒரு மரச்சர்ச் இருக்காமே, அது உண்மையிலேயே பழசா?
– மதுரை வாசகர்

ஃபான்டாஃப்ட் சர்ச்சச் சொல்றீங்க. 1150 வாக்குல கட்டின பழைய சர்ச்ச 1992ல கொளுத்திட்டாங்க, இப்ப நிக்கிறது 1997ல அதே மாதிரி திருப்பிக் கட்டினது. டிராம்ல போய்ட்டு வரலாம், நேரம் இருந்தா மட்டும். அந்த அரை நாள் ஒண்ணுதான் இருக்குன்னா நான் இசையமைப்பாளர் கிரீக் இருந்த ட்ரோல்ட்ஹௌகன் வீட்டுக்குத்தான் போவேன், ஏரிக்கரையில அவர் உக்காந்து இசை எழுதின ஒத்த ரூம் குடிசை அப்படியே இருக்கு.

சைவம் சாப்பிடுறவங்க என்ன பண்றது?
– கும்பகோணம் வாசகி

தங்குறதுக்கு கிச்சன் இருக்கிற இடமா பாருங்க, சூப்பர்மார்க்கெட்ல அரிசி, பருப்பு, தயிர், காய் எல்லாம் கிடைக்கும். ஹோட்டல்ல மூணு வேளை சாப்பிட்டா பர்ஸ் தாங்காது. குழாத்தண்ணி அருமையா இருக்கும், பாட்டில் வாங்காதீங்க. பேக்கரில லவங்கப்பட்டை போட்ட சுருள் பன்னு, அந்த ஊர் ஸ்பெஷல், முட்டை சேத்திருக்கான்னு மட்டும் கேட்டு வாங்குங்க. ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை மூடிடும், சனிக்கிழமையே வாங்கி வெச்சிடுங்க.