சிங்கப்பூர்க் கடற்படையில் மெக்கானிக்கல் இன்ஜினியராக இருந்தவர் 32 வயதில் ட்ரோன் துறைக்கு மாற முடியுமா? கோடிங் தெரியாதது தடையாகுமா?

முடியும். நான் மாறியபோது எனக்கு 34. இதே கேள்வியை அப்போது யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பல இரவுகள் தூக்கம் கெட்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தம்பி, உங்களைப் பற்றி நீங்கள் அதிகம் சொல்லவில்லை. பாலிடெக்னிக் டிப்ளமா, தேசிய சேவை, அப்படியே கடற்படையில் ஒப்பந்தம், சில வருடம் கப்பல், பிறகு கரையில் பராமரிப்பு என்று வைத்துக்கொள்கிறேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் "யூனிஃபார்ம் வேலையை யாராவது விடுவாங்களா?" என்று கேட்டிருப்பார்கள். என் அம்மா கேட்டார்.

நான் இருந்தது ஃபியர்லெஸ் வகை ரோந்துக் கப்பல். அந்த வகையில் மொத்தம் 12 கப்பல்கள், ஒவ்வொன்றும் 55 மீட்டர். இரண்டு டீசல் எஞ்சின். புரொப்பெல்லருக்குப் பதிலாக வாட்டர்ஜெட். (எல்லாம் வெளியில் கிடைக்கும் தகவல்தான். ரகசியத்தை எழுதுகிறான் என்று யாரும் வரவேண்டாம்.) அங்கே என் சீஃப் முதல் மாதம் கற்றுக்கொடுத்தது, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்ப்பின் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது. நல்ல பேரிங் ஒரே சீராக இரையும். கெட்டுப்போகத் தொடங்கியது மணலை அரைப்பதுபோல் கரகரக்கும். மீட்டர் காட்டுவதற்கு முன்பே அது கேட்டுவிடும்.

ட்ரோன் ஆசை வந்தது ஸ்கேன்ஈகிளால். நம் கார்வெட் எனும் சிறிய போர்க்கப்பல்களில் பொருத்திய ஆளில்லா விமானம். இறக்கை 3 மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஓடுபாதை கிடையாது, கவண்போல் ஒரு கருவி அதை வீசும். திரும்பி வரும்போது தொங்கும் கயிற்றில் இறக்கை நுனிக் கொக்கியை மாட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கொக்கியும் கயிறும் முழுக்க முழுக்க மெக்கானிக்கல் சிந்தனை. இது நம்ம வேலை என்று அன்று தோன்றியது.

2015-ல் வெளியே வந்தேன். சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சின்ன நிறுவனம். பெயர் வேண்டாம். சம்பளம் 4,600 வெள்ளியிலிருந்து 3,100-க்கு இறங்கியது. பதவி டெக்னிஷியன். பத்து வருடக் கப்பல் அனுபவத்தை அவர்கள் ஸ்க்ரூ முடுக்குகிற அனுபவமாகத்தான் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் ஆறு மோட்டார் வைத்த ட்ரோன் ஒன்று தொல்லை கொடுத்தது. "இதே உயரத்தில் நில்" என்று விட்டால் தானாக மேலே ஏறும். தொழிற்கூடத்தில் கட்டியிருந்த வலையின் கூரையில் இரண்டு முறை போய் இடித்தது. மென்பொருள் பிள்ளைகள் மூன்று வாரம் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். பறக்கும் மூளையான சின்ன பலகையை மெத்தென்ற ரப்பர் குமிழ்கள் மேல் வைத்திருந்தார்கள். சரிதான். ஆனால் அதற்குப் போகும் கம்பிக் கற்றையை, அழகாக இருக்கட்டும் என்று, விறைப்பாக இழுத்து சட்டத்தோடு சேர்த்து பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். கப்பலில் எஞ்சினை ரப்பர் மவுண்ட் மேல் உட்கார வைத்துவிட்டு, குழாயை மட்டும் விறைப்பாகப் பூட்டினால் என்ன ஆகும்? அதிர்வு குழாய் வழியாக மேலோட்டுக்குப் போய்விடும். அதனால்தான் அங்கே வளைந்துகொடுக்கும் இணைப்பு வைக்கிறோம். இங்கேயும் அதே கதை. மோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 உலுக்கல். அவ்வளவும் கம்பி வழியாக உணரிக்குப் போகிறது. உணரி குழம்பி, நாம் கீழே விழுகிறோம் என்று கணக்குப் போடுகிறது. உடனே மோட்டார் வேகம் கூடுகிறது.

டையை வெட்டி, கம்பிக்கு ஒரு தளர்ந்த வளையம் விட்டேன். ட்ரோனைப் பறக்கவைக்கும் மென்பொருளான ஆர்டுபைலட்டின் லாக்கில் (பறந்த பதிவில்) அதிர்வு அளவு 30-க்குள் இருந்தால் நிம்மதி, 60-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொல்லை. எங்களுடையது 60-க்கு மேலிருந்து 20-க்குக் கீழே வந்தது. ட்ரோன் அப்படியே நின்றது.

அறிக்கையில் "ஃபில்டர் அமைப்பு சரிசெய்யப்பட்டது" என்று, மென்பொருள் வேலைபோலப் போட்டார்கள். என் பெயர் இல்லை. இன்னும் வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

கோடிங் பற்றிக் கேட்டீர்கள். பறக்கும் மென்பொருளை நீங்கள் எழுத வேண்டியதில்லை. ஆனால் லாக்கைத் திறந்து வரைபடம் போட்டுப் பார்க்கிற அளவு பைத்தான் என்ற கோடிங் மொழி கட்டாயம் வேண்டும். அந்த வரைபடத்தை அன்று நானே போட்டிருந்தால் அறிக்கையில் என் பெயரை விட்டிருக்க முடியாது. எனக்கு ஆறு மாதம் ஆனது, ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு. விமானப்படையிலிருந்து வந்தவர்கள் வேறுவிதமாகச் சொல்லலாம். நான் பட்டதைச் சொல்கிறேன்.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்று. எஞ்சின் ரூமில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதுக்குள் அடைப்பான், வெளியே மூடி, இரண்டும் போட்டோம். அப்படியும் எனக்கு இடது காதில் இரைச்சல் நின்றபாடில்லை. நம் கல்யாண மண்டபங்களிலோ ஒலிபெருக்கியைப் பாட்டிமார் உட்காரும் வரிசைக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். தொட்டில் குழந்தையும் அங்கேதான். பெரியவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. போன மாதம் நான் போய்க் குறைக்கச் சொன்னதற்கு மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செத்துப்போன காது நரம்பு திரும்ப முளைக்காது.

சரி, வேலை. சொந்தமாகப் பறக்கவிட்டுப் பழகுங்கள். 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கு மேல் போகவோ விமானத் தளங்களுக்கு 5 கிலோமீட்டருக்குள் பறக்கவோ அனுமதி வாங்க வேண்டும். கப்பலைத் தெரிந்தவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. 2019-லேயே மரினா சவுத் பியர் படகுத்துறையிலிருந்து நங்கூரமிட்ட கப்பலுக்கு ஏர்பஸ் ட்ரோன் ஒன்றரை கிலோ பொருளைக் கொண்டுபோய் இறக்கியது. போய்த் திரும்ப 10 நிமிடம்கூட ஆகவில்லை. கப்பல் தொட்டிகளுக்குள் ஆள் ஏறாமல் ட்ரோன் விட்டுச் சோதிக்கிறார்கள். உள்ளே எங்கே துருப்பிடிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அவர்களுடைய ட்ரோனைக் கையில் வாங்கிப் பாருங்கள். மூடியைத் திறக்க விட்டால் முதலில் கம்பிகளைப் பாருங்கள்.