மனிதர்களுக்குச் சண்டையிலும் போட்டியிலும் ஏன் இவ்வளவு ஈர்ப்பு?

இரண்டு பேர் விரும்புவது ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றால் அது போட்டி. எதிரில் இருப்பவரை வீழ்த்தவே இறங்கிவிட்டால் அது மோதல்.

இரண்டுக்கும் ஒரு வேர் ஒப்பிடும் பழக்கம். திறமையை அளக்க வேறு வழி இல்லாதபோது பக்கத்தில் இருப்பவரையே அளவுகோலாக்கிக்கொள்கிறோம் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் விளக்கினார். நிதானமாக நடந்து போகிறோம், ஒருவர் நம்மைத் தாண்டிப் போகிறார். அவசரமே இல்லாமல் நம் கால் எட்டிப் போடுகிறதே, அதேதான்.

அப்புறம், குழு. இதைத்தான் நான் பெரிய காரணம் என்பேன். அதே 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் குழுவினர் 22 சிறுவர்களை ஒரு முகாமில் இரண்டு அணிகளாக வைத்தார்கள். முன்பகை எதுவும் கிடையாது. ஆனால் பரிசுக்கான போட்டிகள் தொடங்கியதும் வசவு கிளம்பியது. கயிறு இழுப்பதில் தோற்ற அணி எதிரணியின் கொடியை எரித்தது. குடில்களுக்குள் புகுந்து பொருள்களைக் கலைத்துப் போட்டார்கள். 'நாம்', 'அவர்கள்' என்ற கோடும் ஒரு பரிசுமே போதுமாக இருந்தன.

பிறகு, சேர்ந்து உழைத்தால்தான் தீரும் சிக்கல்களை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பவில்லை. போட்டிக்குப் பயன்பட்ட அதே கயிற்றைக் கட்டி இரண்டு அணியும் இழுத்தன. கடைசியில் ஒரே பேருந்தில் வீடு திரும்பினார்கள்.

சண்டை ரத்தத்திலேயே ஊறியது, மாற்ற முடியாது என்று பலர் நினைப்பது சரியல்ல. போட்டி மனப்பான்மை இயல்புதான், அது பகையாக முற்றுவது பெரும்பாலும் சூழ்நிலையால்.