மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் உறைந்தது ஏன்?

கேள்வி: என் தந்தைக்கு வயது 63. மாரடைப்புக்குப் பின் ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கொடுத்தார்கள். ஐந்தாம் மாதம் அதே ஸ்டென்டில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது. மருந்துக்கு உடல் கட்டுப்படவில்லை என்கிறார்கள். அப்படியானால் இந்த மாத்திரைகள் வீண்தானா?

பதில்: வீண் அல்ல, மருத்துவர் சொல்லாமல் ஒருவேளைகூட நிறுத்திவிடாதீர்கள்.

குளோபிடோக்ரெல் விழுங்கிய வடிவிலேயே வேலை செய்யும் மருந்து அல்ல. அதில் ஏறத்தாழ 85 சதவீதம் பயனற்ற பொருளாகச் சிதைந்துவிட, எஞ்சியதைத்தான் கல்லீரல் நொதிகள், முக்கியமாக சிஒய்பி2சி19, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் கட்டுப்படுத்தும் மருந்தாக மாற்றுகின்றன. இந்த நொதிக்கான மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுடன் வந்திருந்தால், மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட்டாலும் போதிய பலன் கிடைக்காது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் இதை மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையாகவே வெளியிட்டது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோலும் இதே நொதியைத் தடுக்கும் என்பதால், தந்தை அதைச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள்.

ஆஸ்பிரினின் கதை வேறு. அது தட்டணுவை அதன் ஆயுள் முழுவதும், அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, முடக்கிவிடும். ஆனால் உடல் அன்றாடம் புதிய தட்டணுக்களை உருவாக்கிக்கொண்டே இருப்பதால், இரண்டு மூன்று நாள் விட்டாலே பாதுகாப்பு சரியத் தொடங்கும். சர்க்கரை நோயாளிகள் பலரிடம் இந்த உற்பத்தி இன்னும் வேகமாக நடக்கிறது. மூட்டுவலிக்காக இபுப்ரூஃபெனை முன்னதாகச் சாப்பிட்டால், ஆஸ்பிரின் பற்ற வேண்டிய இடத்தை அது மறைத்துக்கொள்ளும். உண்மையான ஆஸ்பிரின் எதிர்ப்பு, அதாவது ஒழுங்காகச் சாப்பிட்டும் உடல் கட்டுப்படாத நிலை, அரிது என்பதே என் கருத்து. அப்படித் தோன்றுபவற்றில் பெரும்பாலானவை விடுபட்ட வேளைகள்தாம். குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தேதி கடந்த பின்னும் அட்டையில் நாலைந்து மாத்திரைகள் உடைபடாமல் இருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் காட்டுங்கள்.

மரபணுச் சோதனையும் தட்டணுச் செயல்திறன் சோதனையும் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யப்படுபவை அல்ல. எனினும் மருந்து எடுத்துவரும்போதே ஸ்டென்ட் அடைபட்டவருக்கு அவற்றைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்த நொதியைப் பெரிதும் நம்பியிராத பிரசுக்ரெல், டிகாக்ரெலார் ஆகியவை மாற்றாக உள்ளன. அவற்றில் ரத்தக்கசிவு அபாயம் அதிகம். டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சுத்திணறல் தரும். தந்தைக்கு முன்பு பக்கவாதம் வந்திருந்தால் பிரசுக்ரெல் கூடாது என்பதால், அந்த விவரத்தை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.