டேக் ஒட்டினால் போதுமா?

கேள்வி: துணை மின்நிலையத்தில் வேலை பார்க்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர், பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) எல்லாவற்றிலும் ஆர்எஃப்ஐடி டேக், அதாவது ரேடியோ அலையில் படிக்கும் அடையாள வில்லை, ஒட்டப் போகிறார்களாம். பார்கோடு ஸ்டிக்கர்தான் இருக்கிறதே, இது எதற்கு?

பதில்: அந்த ஸ்டிக்கரை ஒருமுறை கிட்டப்போய்ப் பாருங்கள். நாலைந்து வருட வெயிலில் கோடுகள் வெளுத்திருக்கும், மிச்சத்தை எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் மூடியிருக்கும். துணியால் துடைத்து ஸ்கேனரை நேராகக் காட்ட வேண்டும், அதுவும் மின்சாரம் ஓடும் கருவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. டேக்குக்கு ரேடியோ அலை போதும். பெரும்பாலான டேக்குகளில் பேட்டரியே கிடையாது. ரீடர், அதாவது டேக்கைப் படிக்கும் கருவி, அனுப்பும் அலையிலிருந்து துளி மின்சாரம் எடுத்துக்கொண்டு, அதே அலையைப் பிரதிபலித்துத் தன் எண்ணைச் சொல்லிவிடும். யோசனை ஒன்றும் புதிதில்லை, பிரதிபலிக்கும் அலையில் செய்தி அனுப்புவது பற்றி ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர் 1948லேயே எழுதிவிட்டார். 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் டேக் என்றால் சில மீட்டர் தள்ளி, பாதுகாப்பு வேலிக்கு வெளியே நின்றே படிக்கலாம்.

கேள்வி: சோதனைக்கு ஒரு டேக் வாங்கி டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய் டாங்கில் ஒட்டினோம். ரீடரை மேலே வைத்துத் தேய்த்தும் படிக்கவில்லை. டேக் பழுதா?

பதில்: அதைக் கழற்றி ஒரு அட்டைப்பெட்டியில் ஒட்டிப் பாருங்கள், அநேகமாகப் பேசும். சாதாரண டேக்கின் ஆன்டெனா இரும்போடு ஒட்டிக் கிடந்தால் அதன் அலைவரிசை நகர்ந்துவிடும், விழும் அலையையும் இரும்பு கலைத்துவிடும். உலோகத்துக்கென்றே அடியில் இடைவெளி விட்டுச் செய்த டேக் கிடைக்கிறது. விலை கூடத்தான், ஆனால் வேறு வழியில்லை. அப்புறம், கழற்றி மாட்டுகிற மூடியிலோ கதவிலோ ஒட்டிவிடாதீர்கள். பழுது பார்க்கும்போது இரண்டு மூடிகள் இடம் மாறினால், இந்த பிரேக்கரின் சரித்திரம் அந்த பிரேக்கருக்குப் போய்விடும். அதற்குப் பின் எந்த பதிவேட்டை நம்புவது? திருகி மாட்டுகிறேன் என்று டாங்கில் துளை போடவும் வேண்டாம், எபாக்சி பசை போதும்.

கேள்வி: இது வந்தால் ஆள் நேரில் போய்ப் பார்த்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும் என்கிறார் மேலாளர். உண்மையா?

பதில்: பாதி உண்மை. தூரத்திலிருந்து படிக்கும் டேக் என்றால் ஜீப்பை விட்டு இறங்காமலே பத்து கருவிகளைப் 'பார்த்து' விடலாமே! வந்ததற்குச் சாட்சி வேண்டுமென்றால் 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக் வையுங்கள், கைபேசியின் என்எஃப்சி (கிட்டே காட்டினால் படிக்கும் வசதி) படிப்பதும் அதைத்தான், சில சென்டிமீட்டர் கிட்டே வந்தே ஆகவேண்டும். அப்படியே வந்து தொட்டாலும், ஆள் வந்தார் என்பதுதான் பதிவாகும், வால்வைத் திருகிப் பார்த்தாரா என்பது டேக்குக்குத் தெரியாது. சாதாரண டேக்கிடம் இருப்பது ஒரு எண், கடைசியாக எப்போது எண்ணெய் சோதித்தார்கள், என்ன வந்தது என்பதெல்லாம் கணினியில் யாராவது ஒழுங்காக ஏற்றியிருந்தால்தான் உண்டு. அதனால் அளவீட்டை உள்ளிடாமல் வேலை முடிந்ததாகக் காட்டவே விடாத மாதிரி மென்பொருளை அமைக்கச் சொல்லுங்கள் உங்கள் மேலாளரிடம்.